சன்னலோர நாற்காலி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்டதும் அண்ணாமலையாருக்கு விளக்கேற்றினேன். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

நீ மகளோடு கீழ்பென்னாத்தூரில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிக் கூட்டம் தாங்கவில்லை என்று உங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் தீர்மானம். முதலில் எதிர்வரிசையைத்தான் அளந்தார்கள். அங்கே என் வீட்டுக்காரர், உன் மாமா, பங்குபோட்டு லாட்ஜ் கட்டுகிறார். இப்போது சிவப்புக் கோடு உன் இட்லிக் கடைச் சுவரில் இருக்கிறது.

"அது அவ பொழப்புங்க. நான் எப்படி கை தூக்கறது?" என்று அவரிடம் கேட்டேன்.

"கவுன்சிலரம்மாவுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு" என்று சிரித்தார். "மலையப் பாத்து நீ என்னா சொன்னேன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பெண்கள் வார்டு என்று என்னைத் தேர்தலில் நிறுத்தியபோது, மன்றத்தில் அவர் பேச்சைத் தாண்டமாட்டேன் என்று மலையைப் பார்த்துக் கற்பூரம் அணைத்தேன். அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. வேறு எதன்மேல் சத்தியம் செய்திருந்தாலும் மீறியிருப்பேன். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதுவும் தாண்டுவதுதானே.

கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது. கிரைண்டரையும் அடுப்பையும் நானே நின்று பின்கட்டுக்கு மாற்றிவைக்கிறேன். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு நீ வெள்ளிக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் மன்றத்துக்கு வந்து உட்காராதே.

அங்கே என் நாற்காலி சன்னலோரம். தலையைத் தூக்கினால் மலைதான் தெரியும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்