நூற்றிரண்டின் கோடு

என் உயிரோடு ஒட்டின அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. மந்தைவெளி வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உனக்குக் கடைசியாகக் காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரை நான் உதறவில்லை. உதறினால்தானே பாதரசம் இறங்கும்? உன் சூடு அதற்குள் அப்படியே நிற்கிறது. ஒரு டம்ளரில் நிறுத்தி, என் தையல் மிஷின்மேல் வைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னது உன் காதிலும் விழுந்தது. நூற்றிரண்டைத் தாண்டினால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். அன்று சாயங்காலம் பல்பு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடு குறைச்சல். "காலைல பாத்துக்கலாம்க்கா" என்றேன். நீ விடியும்வரை இருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், பெருக்கும்போது அதைக் குனிந்து பார்த்தேன். பாதரசம் நூற்றிரண்டைத் தாண்டி நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் இறங்கியிருக்கிறது. எழுந்து குனிந்தேன், ஏறியது. வீட்டில் நான் ஒருத்திதான். உனக்கு இன்னும் காய்கிறதா என்று, நீ படுத்திருந்த பாயைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள், காலேஜ் லேப்பில் உன்னோடு வேலை பார்த்த பாத்திமா வந்தாள். அவளிடம் சொன்னேன்.

"பேயுமில்ல பிசாசுமில்ல, போம்மா. மேலேருந்து பாத்தா ஏத்திக் காட்டும், கீழேருந்து பாத்தா இறக்கிக் காட்டும். கண்ணுக்கு நேரா புடிச்சுத்தான் பாக்கணும். படிக்கிற பொண்ணுங்கள உங்க அக்கா இதுக்குத்தான் திட்டிக்கினே இருக்கும். 'இன்னாம்மா அண்ணாந்து பாக்குற, மாங்கா பறிக்கிறியா'ன்னு."

பிறகு அவளே நேராகப் பிடித்துப் பார்த்தாள். "கோட்டு மேலயே கீது. இதுலயும் ஒரு கோடு முன்ன பின்ன இருக்கும். இந்தத் தெர்மாமீட்டரே தப்பாக்கூட இருக்கலாம். லேப்புல கீற நல்ல ஒண்ணோட சேத்து வெந்நீர்ல வெச்சுப் பாத்தா தெரியும். ஆனா, உதறணும்."

அப்படியானால் நான் பார்த்தது சரியா, தப்பா? அன்றைக்கே கூட்டிப் போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? இதைக் கேட்டதும் பாத்திமா தெர்மாமீட்டரைத் திரும்ப டம்ளரில் நிறுத்தினாள்.

இன்னொன்றை அவளிடம் நான் கேட்கவில்லை. அன்று நான் அண்ணாந்து பார்த்ததை நீ படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கண் நன்றாகத் திறந்திருந்தது. ஊர்ப் பெண்களையெல்லாம் திட்டின நீ, என்னை ஏன் திட்டவில்லை? பேசத் தெம்பில்லையா? இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமென்று இருந்துவிட்டாயா?

தெர்மாமீட்டரை நாளைக்குப் பாத்திமாவிடம் கொடுத்துவிடுவேன். அதன் தப்பு எவ்வளவு என்று வெந்நீரில் தெரிந்துவிடும். ஆனால் என்னை ஏன் திட்டவில்லை என்பதை நீதான் வந்து சொல்லணும். நீ வரும்வரை வாசல் கதவைத் தாழ் போட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த தங்கை,
சரசு