இரண்டாவது கயிறு

நேற்றுச் சாயங்காலம் கடைவாசலில் ஒரு கூடாரத்துணியை விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த சரக்கு. திருநெல்வேலியிலிருந்து காலேஜ்காரர்கள் இரண்டு பேர், மலையில் தங்கிக் கல் சேகரிக்கச் சாமான் வேண்டுமென்று வந்திருந்தார்கள். நல்ல துணியை ஏன் நனைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "இங்கன அப்படித்தான் பழக்கம்" என்றேன். வாத்தியாரே, அது உம்முடைய பழக்கம் என்று அவர்களிடம் சொல்ல நா எழவில்லை. நனைந்த கித்தானின் வாடை, எண்ணெயும் மெழுகும் மாட்டுத்தோலும் கலந்த மாதிரி, கடை முழுக்க ஏறியது. அவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டுக் கடையை அடைத்தேன். உம்மிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீர் காலமாகி மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். இருந்தபோது தைரியம் இல்லை.

மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே நான் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கத் தொடங்கிய புதிதில் வந்தீர். பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார்; லீவு விட்டால் குற்றாலத்துக்கு மேலே ஏறிப் படிகமும் காக்காப்பொன்னும் சிவப்பு மணிக்கல்லும் பொறுக்கி வருகிறவர். சாப்பிடுகிற சாமானா, விற்கிற சாமானா, எதற்கு இந்தப் பைத்தியம் என்று நினைத்தேன். நீர் என் தார்ப்பாயை நகத்தால் சுரண்டினீர்.

"முதலாளி, இது துணியா, கஞ்சியா வே?"

"கனத்தப் பாரும் வாத்தியாரே. தூக்கிப் பாத்துட்டுப் பேசும்."

"தூக்குதேன். நனைஞ்சா கஞ்சி ஆத்தோட போயிரும். கனம் மட்டும் என் தலையில நிக்கும்."

சிற்றாற்றுக்கே கொண்டுபோய் முக்கி, சொட்டச் சொட்டத் தராசில் மாட்டினீர். ஒன்றரைப் பங்குக்கு மேல் ஏறியிருந்தது. "மலையில எதுவும் காஞ்சு கிடக்காது வே. நனைச்சு நிறும்" என்றீர். கம்பளி, சாக்கு, கயிறு எல்லாம் அப்படித்தான். தீப்பெட்டியை மட்டும் நனைக்கவில்லை. அதைத் தக்கை போட்ட சீசாவில் அடைத்தீர். எனக்குக் கோபம்தான். ஆனால் சரக்கு வாங்கும்போது நானும் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.

இன்னொரு பழக்கமும் உமக்கு உண்டு. உம்மோடு சுமை தூக்கி வருகிற மலைக்காரர் இசக்கிக்கு எழுத்து தெரியாது. அதனால் என் கடைத் தரையிலேயே சாக்கட்டியால் ஒவ்வொரு சாமானையும் வரைவீர். அரிவாள், சட்டி, அரிக்கேன், சுத்தியல், அட்டைக்கடிக்குப் புகையிலை. படத்தின் மேல் சாமான் வரும்; சாமான் மூட்டைக்குள் போனதும் படத்தைக் காலால் அழித்துவிட வேண்டும். தரை வெறுமையானால் புறப்படலாம்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் பத்துக் கூடாரம் வாங்கிப் போட்டுவிட்டு விற்காமல் முழித்தேன். காட்டில் மரம் வெட்டக் கூப்பு எடுக்கும் காண்டிராக்டர்கள், "இது மலையில நிக்குமா?" என்று கேட்டு நகர்ந்தார்கள். நின்றது என்று நானே சொல்ல வேண்டும். அதனால்தான் உம்மோடு வருகிறேன் என்றேன். கல்லின் மேல் ஆசை ஒன்றுமில்லை. நீர் கூடாரத்தை நனைத்துத் தராசில் நிறுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்.

"சரி, வரட்டும். ஆனா அதுக்குத் தக்கன வேற எதையாவது குறையும். கயிறத் தவிர."

"அரிசியக் குறைக்கேன்."

"உம்ம தொந்தி சம்மதிக்குமா?"

இசக்கி வாய்விட்டுச் சிரித்தார்.

புறப்படும் காலையில் நீர் வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போனீர். இசக்கி வாசலில் மூங்கில் கழி சீவிக்கொண்டிருந்தார். தரையில் மிச்சம் இருந்தவை இரண்டு கயிற்றுச் சுருள்களும் அவற்றின் படங்களும். முதலாவதைக் கட்டிவிட்டு அதன் படத்தை அழித்தேன். மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அரிசியை நான் குறைக்கவில்லை. இரண்டாவதும் ஏறினால் இசக்கி முரண்டு பிடிப்பார், கூடாரம் இறங்கிவிடும். சுருளை எடுத்துச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போட்டேன். படத்தைக் காலால் தேய்த்தேன்.

நீர் வந்து தரையைப் பார்த்தீர். "ஏறிட்டா?"

"ஏறிட்டு."

இரண்டு நாளும் கூடாரம் நின்றது. ஒழுகவும் இல்லை. கீழே போய் என்னென்ன பேசி விற்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி இறங்கினேன். உம் முதுகில் கல் மூட்டை, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியது. போகும்போது கணுக்கால் நனையாமல் தாண்டிய ஓடை, திரும்பும்போது இடுப்பளவு செந்தண்ணீராக இரைந்துகொண்டு ஓடியது. மேலே மழை கொட்டியிருக்கிறது. நாம் நின்ற பாறைக்குப் பின்னாலும் இன்னொரு கிளை பிரிந்து ஓடத் தொடங்கிவிட்டது.

"ஐயா, நின்னு யோசிக்க நேரமில்லை. கொஞ்ச நேரத்துல இந்தப் பாறையும் முங்கிரும்" என்றார் இசக்கி.

"ரெண்டு கயிறையும் எடும். ஒண்ணு மரத்துக்கு மரம் கட்டிப் பிடிச்சுக்கிட, ஒண்ணு இடுப்புக்கு" என்றீர்.

மூட்டையை அவிழ்த்தீர். கவிழ்த்தீர். அரிசி நனைந்தது. பாறையில் மண்டியிட்டு வெறுங்கையால் அந்தச் சாமான்களை இரண்டு தரம் தடவித் தேடினீர். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தீர்.

"நான் ரெண்டு வரையலையோ?"

சொல்வதற்கு அதுதான் நேரம். தண்ணீர் கால்விரலைத் தொட்டது. சொன்னால் இந்தப் பாறையில் என்னை விட்டுவிடுவீர் என்றுகூடப் பயந்தேன். உம்மைப் பற்றி அப்படி நினைத்தேன்.

"ஒண்ணுதான் வரைஞ்சிருந்தீரு வாத்தியாரே."

நீர் தலையை ஆட்டினீர். இருந்த ஒரே கயிற்றை இசக்கியிடம் நீட்டினீர். இசக்கி கயிற்றை இடுப்பில் கட்டி நீந்திப் போய் அக்கரை மரத்தில் கட்டினார். பாறையோரத்து மரத்தில் கட்டிய முனையை நீர் இழுத்துப் பார்த்துவிட்டு, என்னை முதலில் அனுப்பினீர். பாதியில் கால் வழுக்கித் தொங்கினேன், "கயிறப் பாரும், தண்ணியப் பாக்காதயும்!" என்ற உம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

அதற்குள் தண்ணீர் மார்பளவு ஏறிவிட்டது; கையால் பிடித்து மட்டும் தாண்ட முடியாது, இடுப்பிலும் கட்டு வேண்டும், இருந்ததோ ஒரே கயிறு. மரத்திலிருந்து அவிழ்த்து உம் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினீர். கைக்குப் பிடி கிடையாது. நாங்கள் இருவரும் இழுத்தோம். நட்ட நடுவில் வெள்ளம் உம்மை உருட்டிப் பாறையிடுக்கில் அடித்தது. உம் வலது கை உள்ளே போய்விட்டது. நீர் கத்தியது ஓடைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. இசக்கி, "இழுங்க அண்ணாச்சி, விட்டுராதீங்க!" என்று அழுதார். இழுத்தோம். கல் மூட்டை போனது. நீர் வந்தீர்.

அந்தக் கையின் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. சித்திர வாத்தியாரைக் கணக்கு வகுப்புக்கு மாற்றினார்கள். நீர் மறுபடி மலை ஏறவில்லை. கேட்டவர்களிடம், "வரைய மறந்த கைக்குக் கிடைச்ச கூலி" என்று நீரே சொல்லிச் சிரித்தீர். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒன்பது கூடாரமும் விற்றன. ஒளித்த கயிற்றை மறுவாரமே ஒரு கிணற்றுக்காரருக்கு விற்றேன்.

படுக்கையில் விழுமுன் ஒருநாள் கடைக்கு வந்தீர். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்.

"ஒரு தடவ சொல்லும்வே. திட்டமாட்டேன். ஒண்ணுதானா வரைஞ்சேன்?"

"பழச ஏன் கிளறுதீரு? ஒண்ணுதான்."

"அப்ப சரி" என்றீர். நம்பினீரா, எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தீரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆயிரம் கயிறு கைமாறியிருக்கிறது. ஒவ்வொன்றையும் சுருட்டும்போது என் வலது உள்ளங்கால் தானாகத் தரையில் ஒருமுறை தேய்கிறது.

நீர் இரண்டு வரைந்திருந்தீர், வாத்தியாரே. இரண்டாவதை இன்னும் நன்றாக வரைந்திருந்தீர்.