பக்கத்து சீட்டில் ஒருத்தி

அண்ணே,

இன்று காலை கடல் பாலத்தில் நெரிசல். என் காரில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்தாள். அந்த வாசனைக்கு, அக்காக்கள் தைலம் மணக்க ஏறும், நீங்கள் ஓட்டிய தொழிற்சாலை பஸ் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே உங்கள் மேல் கோபமும் வந்தது. செத்தவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

ஜெலுத்தோங்கில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போவீர்கள். அந்தப் பக்கம் கல்லூரிக்கு பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த என்னையும் ஒருநாள் நிறுத்தி ஏற்றிக்கொண்டீர்கள். படிப்பு முடியும்வரை அப்படியே போனது. பின்னாலிருந்து யாராவது ஓர் அக்கா, "பரீட்சைல எவ்ளோ மார்க்குமா?" என்று ஆரம்பித்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பீர்கள். நீங்களும் ஒன்றும் கேட்டதில்லை. கடைசி நாள் உங்களுக்கு ஒரு சட்டை வாங்கி வந்தேன். கையை நீட்டவே இல்லை.

"எனக்கு எதுக்குமா? நாளைக்கு நீ காடி வாங்குனா சும்மா ஓட்டிட்டுப் போகாத லா. யாரையாச்சும் ஏத்திக்க."

கார் வாங்கியதும் ஏற்றிக்கொண்டேன். எங்கள் ஃபிளாட்டில் கீழ்மாடிப் பெண், அதே கல்லூரி. தினமும் தாமதமாக வருவாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். நானும் விடமாட்டேன். தூங்கினாயா, படித்தாயா, மார்க் ஏன் குறைந்தது, உன் வயதில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா என்று பாலம் முடியும்வரை பேசுவேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

போன வாரம் இறங்கும்போது சொன்னாள். "அக்கா, நாளைலேர்ந்து நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன். சோரி லா. உங்க காடில ஏறுனா தினமும் இன்டர்வியூக்குப் போற மாதிரி இருக்கு."

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டேனே என்று அன்று முழுக்கப் புகைந்தேன். உங்களுக்குச் செய்ய முடியாததைச் செய்ய எனக்குக் கிடைத்தவள் இவள் ஒருத்திதான். அவளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

உங்களுக்கென்ன, அண்ணே, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டினீர்கள். பேசாமல் இருப்பது சுலபம். இவள் என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வீணாகப் போகிறாள். ஏற்றிக்கொள்ளச் சொன்னவர், ஏற்றிய பிறகு வாயை எப்படி மூடுவது என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று மாலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "நாளைக்கு வா. நான் ஒன்னும் கேக்கல," என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் இன்று வந்தாள். பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது, நான் கேட்காமலே, "அக்கா, நேத்து டெஸ்டுல பெயிலு," என்றாள்.

எனக்குக் கேள்வி தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தால் வேறென்ன ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏர்கோனக் கொறைக்கவா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். குளிரைக் குறைத்தேன். கல்லூரி வாசலில் இறங்கியவள் கதவைச் சாத்துமுன் குனிந்து, "நாளைக்கும் இதே நேரமாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். சொல்லாமல் விழுங்கியது அத்தனையும் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது, அண்ணே. நாளைக்கும் விழுங்க வேண்டும்.