காட்டுக்கு மேல் ரெஷோஃபாஜ்

லாச்சப்பல், பரிஸ்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கடலுக்கு அப்பால் கயேனில் நீயும் நீ ஓட்டுகிற ஒற்றை எஞ்சின் விமானமும் சுகமாக இருக்க மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, தம்பி தனோஜன் திரான்சியில் வீடு பார்த்துவிட்டான்.

போன ஞாயிறு நீ போனில் சொன்னதுதான் மனதுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. காட்டுக்கு மேலே எஞ்சின் இருமினது, ரெஷோஃபாஜ் போட்டனான் என்றாய். இருபத்தைந்து வருடமாக ரெஸ்ட்டோரண்ட் குசினியில் நிற்கிறவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும், ஆறின கறியைச் சூடாக்குவது. எஞ்சின் நிக்கப் போகேக்கை சாப்பாடு சூடாக்கிக்கொண்டோ இருந்தனீ என்று கத்தினேன். நீ அழுதுகொண்டு, அப்பா நான் பறக்கிறதை விடட்டோ என்று கேட்டாய். ஓம், விட்டிட்டு வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாத முடிவுக்குள் நிரந்தர விமானி வேலைக்கு நீ கையெழுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னேன்.

நேற்று மத்தியானம் எங்கள் ரெஸ்ட்டோரண்டுக்குச் சாப்பிட வந்த பியட்றிஸ் மதாமிடம் இதைச் சொன்னேன், அவர் இளவயதில் சின்ன விமானம் ஓட்டியவர். சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். ஈரக்காற்றில் பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் குளிர்ந்து, வெக்கை நாட்டிலும் உள்ளே ஐஸ் பிடிக்குமாம், எஞ்சினுக்கு மூச்சு முட்டுமாம். அதற்குச் சூட்டுக்காற்றைத் திறந்துவிடுவதுதான் ரெஷோஃபாஜாம். திறந்தால் ஐஸ் உருகித் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும், அப்போது முன்னையிலும் மோசமாக உதறும். பயந்தவர்கள் அந்த நேரம் சூட்டுக்காற்றுப் பிடியைத் திரும்பத் தள்ளி மூடிவிடுவார்களாம், அதுதான் ஆபத்தாம். உன்ரை மகள் தள்ளேல்லை, அதாலைதான் உயிரோடை இறங்கி உன்னோடை கதைச்சவள் என்று பிரெஞ்சில் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து வில்லியே லே பெல் வீட்டுக்குத் திரும்பும்போது ரெயினில் கண்ணை மூடினேன். இருக்கை மெல்ல மேலே எழும்பினது. கீழே முடிவில்லாத பச்சை, அதன்மேல் உன் விமானத்தின் நிழல் சின்னதாக ஊர்ந்துகொண்டிருந்தது. உன் கை அந்தப் பிடியில் இருந்தது. எல்லாம் உதறியது, நீ அசையவில்லை, பிறகு மெல்ல மெல்லச் சத்தம் சீரானது. பக்கத்தில் நான் இருந்திருந்தால் பயத்தில் உன் கையோடு சேர்த்துத் தள்ளியிருப்பேன், போனிலும் அதைத்தான் செய்தேன். கண் திறந்தபோது இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

பிள்ளை, பிழை என்னுடையது. கையெழுத்தை வை. இறங்குவதற்கு எஞ்சினின் வேகத்தைக் குறைக்க முன்னமே சூட்டைத் திற, இருமும்வரை பார்த்திராதே. உயரத்திலிருந்து சடாரென்று இறங்கவும் வேண்டாம், சூடான எஞ்சின் ஆறுதலாகத்தான் ஆற வேண்டுமாம். உனக்கு இதெல்லாம் தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ போகிற வழியெல்லாம் பிள்ளையார் துணையிருப்பார்.

இனி எஞ்சின் உதறினால், இறங்கினதும் முதலில் எனக்கு எடு. நான் போனை வைக்க மாட்டேன்.

என்றும் உன் அப்பா,
வாமதேவன்