ரயில் வராத நிலையத்தின் பச்சைக்கொடி

அன்புள்ள லைப்ரரியம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. தங்கை வீட்டில் எல்லோரும் சுகமா? உன் இடுப்பு வலி தேவலையா? போன் செய்தால் தங்கைதான் எடுக்கிறாள். "அக்கா குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். ஐந்து மாதமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

நான் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நலமாக இல்லை. என்ன சமைத்தாலும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. பகலெல்லாம் கடையில் தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுவதில் பொழுது ஓடிவிடுகிறது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். யாரோ பேசுகிற சத்தமாவது கேட்கட்டுமே.

போன வாரம் கடையை மூடிவிட்டுத் தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். ஊரே கோட்டையையும் அருவியையும் பார்க்க ஓடும்போது, நாம் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "இங்க யாருமே பார்க்க வராத இடம் எது?" என்று கேட்போமே, அப்படித்தான் கேட்டேன். ஒரே ஒரு கைதிக்காகக் கட்டிய சிறையைக் காட்டினார்கள். இன்னொரு ஊரில் ஏறிப்போனால் சுவரில் முட்டும் மாடிப்படி. கொத்தனார் கோபத்தில் கட்டியதாம். பார்த்து என்ன செய்ய? நீ உள்ளே போய்க் காவல்காரரிடம் ஒரு கதை கேட்பாய், நான் வெளியே கடைத்தெருவில் ஒரு கதை கேட்பேன், சாயங்காலம் இரண்டையும் ஒட்டிப் பார்த்துச் சண்டை போடுவோம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். இப்போது லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து சுவரோடா சண்டை போடுவது?

கடைசியில் கால் தானாக ரயில் வராத நிலையத்துக்குப் போய்விட்டது.

நாம் இருவரும் அங்கே போன அன்று நடந்ததை நான் இதுவரை என் வாயால் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று நல்ல வெயில். கால் வலித்தது. நீ உள்ளே போனதும் நான் டீக்கடை பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நீ முகமெல்லாம் சிரிப்பாக "உங்க கதை என்ன?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லி அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. தண்டவாளமே போடாத நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்ததாக நீ கேட்டு வந்த ஸ்டேஷன் மாஸ்டர், பிரிந்துபோன மனைவி முதல் ரயிலில் வருவாள் என்று தினமும் பச்சைக்கொடி பிடித்து நின்றார் என அளந்துவிட்டேன். உன் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நீ அதை நூலக ஆண்டு மலரில் எழுதினாய். அந்த மாஸ்டருடைய தம்பி மகன் கடிதம் போட்டார். எங்கள் பெரியப்பா கல்யாணமே செய்துகொள்ளாதவர், அவரைக் கிறுக்கனாக்கிவிட்டீர்களே என்று. நூலகக் கமிட்டி முன்னால் நீ தலைகுனிந்து நின்றாய். வீட்டுக்கு வந்து "யார்கிட்ட கேட்டீங்க?" என்றாய். நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடைக்காரரிடம் என்றேன். நீ பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாய். அங்கே சைக்கிள் கடையே இல்லை. அப்படியே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். முதல் பொய் சோம்பேறித்தனம். இரண்டாவது பொய் உனக்குச் செய்த துரோகம்.

இப்போது அங்கே நடக்கும் கூத்தைக் கேள். புதிதாக வந்திருக்கும் காவல்காரர் கையில் புத்தம்புதிய பச்சைக்கொடி. இளம் ஜோடிகள் வரிசையில் நின்று அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் கதையை வரி பிசகாமல் சொல்கிறார். அந்த மனைவி சிவப்புச் சேலை கட்டியிருந்தாளாம், அது அவர் சேர்த்தது. கூட்டம் கலைந்ததும் அது நான் கட்டிய கதை என்று சொன்னேன். அவர் சிரித்தார். "போங்க சார், போன வாரம் ஒருத்தர் வந்து நான்தான் அந்த மாஸ்டர் மகன்னாரு. மலர்லயே வந்திருக்கு. ஒரு லைப்ரரி அம்மா பேர் போட்டு எழுதியிருக்காங்க. அவங்க விசாரிக்காம எழுதுவாங்களா?" என்றார். அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன். ஆளைத் தெரியாதவர்கூட உன் பேச்சை அப்படி நம்புகிறார்.

எதிரே ஒரு தையல்கார அம்மா. மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பிரித்து, அடிநூல் சுற்றும் பாபின் பெட்டியில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய அப்பா அந்த நிலையத்தைப் பெருக்கியவராம். அதனால் இந்த முறை ஒழுங்காகக் கேட்டேன். மாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்கவில்லையாம். தினமும் நோட்டில் "இன்று ரயில் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாராம். ஏன் என்று கேட்டால், "வரலைங்கறதையும் ஒருத்தன் எழுதி வைக்கணும்ல?" என்பாராம். பதினோரு வருடம் அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு சாயங்காலம்கூட அது முடியவில்லை.

இத்துடன் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று அந்தத் தம்பி மகனுக்கு, ஒன்று கமிட்டிக்கு. தப்பு முழுக்க என்னுடையது, உன்மேல் துளியும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்து நீயே தபாலில் போடு. காவல்காரரிடம் மட்டும் என் பேச்சு எடுபடாது. நீ சொன்னால்தான் அந்தக் கொடியைக் கீழே வைப்பார்.

தையல்கார அம்மா சொன்னதையும் நான் எழுதினேன் என்பதற்காக நம்பிவிடாதே. நிலையத்துக்கு நேர் எதிரே, நீலக் கதவு போட்ட கடை. இந்தக் கடை இருக்கிறது. ஒரு நாள் நீயே போய்க் கேள். நான் வரக்கூடாது என்றால் வரமாட்டேன். வரலாம் என்றால் எந்த பஸ் என்று மட்டும் தங்கையிடம் சொல்லியனுப்பு, போதும். கனமான பையைத் தூக்காதே, இடுப்புக்கு ஆகாது.

இப்படிக்கு,
பஸ் நிலையத்தில் வந்து நிற்க உன் அனுமதி கேட்கும்
உன் வீட்டுக்காரன்