இல்லாத படத்தின் பாட்டு

மார்ச் 3

இன்று முழுக்க ஒரே பாட்டைத்தான் இணையத்தில் ஏற்றினேன். ஹீரோ பாடுவது, ஹீரோயின் பாடுவது, சோகமாகப் பாடுவது, யாருமே பாடாமல் வெறும் இசை. ஆடியோ கம்பெனி வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டு கேட்கலாம் என்று சொல்லி என்னை இங்கே சேர்த்துவிட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

சாயங்காலம் தங்கச்சியின் பாட்டை முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். லிஃப்ட் ஓடாத ஃபிளாட்டில் ஒருத்தி மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே காதலனைத் திட்டும் பாட்டு. எழுதியது, இசையமைத்தது, பாடியது எல்லாம் அவளே. மனுஷன் கண்ணை மூடிக் கேட்டார். கால் தாளம் போட்டது. முடிந்ததும், "பிரமாதம்மா. எந்தப் படம்?" என்றார்.

"படம் இல்ல சார். தனிப் பாட்டு."

கால் நின்றுவிட்டது. "படம்னா ஹீரோ இருப்பான், போஸ்டர் ஒட்டுவாங்க, பேட்டி குடுப்பாங்க. பாட்டு தானா ஓடும். இதை யாரும்மா போய் ஊருக்குச் சொல்றது?"

வீட்டில் வந்து சொன்னேன். தங்கச்சி கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டாள். "இதான்க்கா கடைசி. இதுவும் வெளிய போகலைன்னா வித்துடறேன்." சாப்பிடக்கூட வரலை.

மார்ச் 9

நச்சரித்து நச்சரித்து முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். "ஏத்தித் தொலை. ஒரு மூலையில கிடக்கட்டும்."

ஏற்ற உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் விடமாட்டேன் என்கிறது. படம் பேர் என்ன? ஹீரோ யார்? டைரக்டர் யார்? போஸ்டர் எங்கே? காலியாக விட்டால் சிவப்பாக முறைக்கிறது. இதைச் செய்தவனுக்குப் படம் இல்லாமலும் பாட்டு வரும் என்று தோன்றவே இல்லை போல. கடுப்பில் அடித்தேன்: படம் — நாலாவது மாடி. ஹீரோ — புதுமுகம். டைரக்டர் — புதுமுகம். போஸ்டருக்கு என் போனில் கிடந்த ஒரு போட்டோ. என் வீட்டுக்காரர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் படியில் ஏறுகிறார். முதுகு மட்டும்தான் தெரியும்.

ஏறிவிட்டது.

மார்ச் 17

ஓடுது! பாட்டு பிச்சுக்கிட்டு ஓடுது!

மார்ச் 18

கமெண்ட் போடுகிற எல்லாருக்கும் ஒரே கேள்வி — படம் எப்ப ரிலீஸ்? ஒருத்தர், "முதுகே இப்படி நடிக்குதே, முகம் எப்படி நடிக்கும்!" என்று உருகியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து வீட்டுக்காரர் ரெண்டு கண்ணாடி வைத்துப் பின்னந்தலையைச் சீவுகிறார். கடைக்குப் போகச் சொன்னால், "முகத்தை இப்போதைக்கு வெளிய காட்டக் கூடாது" என்கிறார். இந்த முகத்துக்கு இவ்வளவு பில்டப்பா?

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "என் பேரை யாராவது சொல்லியிருக்காங்களாக்கா?" என்று கேட்டாள். தேடினேன். ஒருத்தரும் இல்லை.

மார்ச் 24

முதலாளி கூப்பிட்டார். "இந்த நாலாவது மாடியை யார்கிட்ட வாங்கினோம்?"

செத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்படி ஒரு படமே இல்ல சார். தங்கச்சி பாட்டுக்கு நான் அடிச்ச பேரு அது."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. டீசர் எப்ப விடலாம்?"

ஏப்ரல் 2

அழுகையா வருது. கோவமா வருது.

தலைப்பு சூடாக இருக்கிறதாம். ஒரு தயாரிப்பாளர் நிஜமாகவே படம் எடுக்கிறாராம். அவரைப் பார்க்கத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் புது உடுப்பு, புதுச் செருப்பு. வீட்டுக்காரரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தார். ஹீரோவாக ஒரு பெரிய நடிகரைப் போட்டாயிற்று என்றதும், "முதுகு ஷாட்டுக்காவது..." என்று இழுத்தார். முறைத்தேன். அடங்கினார்.

"மியூசிக்கு சார்?"

"அதுக்குப் பெரிய ஆளைப் பேசியாச்சும்மா."

"அப்ப இவ பாட்டு?"

"கதையில எங்கயுமே உட்காரலையே. நம்ம ஹீரோ லிஃப்ட் கம்பெனி ஓனர். அவர் எதுக்கும்மா படியேறணும்?"

அந்தப் பாட்டு இல்லைன்னா இந்தப் படமே கிடையாதுய்யா! முதலாளியிடம் வந்து கத்தினேன். "அதனால என்ன? படத்தோட எல்லாப் பாட்டும் நமக்குத்தான் வருது" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன சொல்கிறார்?

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கீபோர்டு விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுவிட்டாள். ஏன்தான் அந்தப் பேரை அடிச்சுத் தொலைச்சேனோ.

ஏப்ரல் 11

கீபோர்டை வாங்க ஒருவர் வந்தார். வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கி, "பாதிக் கட்டை சத்தம் வராது, மீதிக் கட்டை ஷாக் அடிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதல்முறையாக அந்த முகம் கொஞ்சம் ஹீரோ மாதிரிதான் தெரிந்தது.

ஜூன் 6

தங்கச்சி இன்னும் கீபோர்டைத் தொடவில்லை.

நவம்பர் 20

படம் ரிலீஸ். வரமாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு மேட்னிக்குப் போனோம்.

ஹீரோ லிஃப்டில் வந்தார், லிஃப்டில் அடித்தார், லிஃப்டிலேயே காதலித்தார். இடைவேளையில் பக்கத்து சீட்டு அம்மா, "அந்தப் பாட்டு எப்பம்மா வரும்?" என்று என்னைக் கேட்டார். செகண்ட் ஹாஃப்ல இருக்கும்னு வாய்கூசாமல் சொன்னேன். வேறென்ன சொல்ல?

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. "பாட்டு எங்கடா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். அப்புறம் ஒரே விசில், ஒரே சத்தம். மேனேஜர் ஓடி வந்து கும்பிட்டுப் பார்த்தார். பாட்டைப் போடாமல் நகரமாட்டோம் என்று பக்கத்து சீட்டு அம்மாவே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஆபரேட்டர் தன் போனிலிருந்து போட்டார். விளக்கை வேறு அணைத்துவிட்டார்கள். திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. தியேட்டர் முழுக்க எங்க தங்கச்சி குரல். அத்தனை பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. தங்கச்சி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

முடிந்ததும், "யாரு பாடினது இது?" என்று அந்த அம்மா கேட்டார்.

தங்கச்சி எழுந்து நின்று, "நான்தாங்க" என்றாள்.

கைதட்டலுக்கு நடுவில் உட்கார்ந்தவள் என் காதில் சொல்கிறாள்: "ரெண்டாவது சரணத்துல குரல் இறங்குதுக்கா. வீட்டுக்குப் போனதும் மாத்திப் பாடணும்."