ஏழாவது கேள்விக்கு நான் போட்ட பதில்

ஜூலை 9, புதன்கிழமை. காலை பத்து நாற்பது. மேசை மேல் நாற்பத்து மூன்று படிவங்கள். நாலு மணிக்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். நாற்பத்திரண்டை ஏற்றிவிட்டேன். மிச்சம் இருப்பது உங்களுடையது.

அண்ணே, இதில் பசை வாசனை அடிக்கிறது. இந்தத் தடவைப் படிவத்தில் இல்லை, அதற்குப் பின்னால் பின் அடித்து வைத்திருக்கும் ஏப்ரல் மாதப் படிவத்தில். நீங்கள் பிடித்துக்கொண்டு சீல் வைத்த ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பசை காய்ந்து கிடக்கிறது. புளித்த கஞ்சி மாதிரி நெடி. மோந்து பார்த்தேன், கீழே வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உங்கள் அட்டைப்பெட்டிக் கூடத்துக்கு முதல் முறை நான் வந்தது நினைவிருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை. நீங்கள் பசை வாளியைக் கலக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தீர்கள். "வாங்க முசியே. யாரு செத்தான், யாரு பொழைச்சான்னு எண்ண வந்துட்டீங்களா?" துரை மாதிரி வந்து நிற்கிறவனை எல்லாம் நீங்கள் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் முசியே என்றுதான் கூப்பிடுவீர்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சின்னத் தொழிற்கூடங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வரப்போகும் நாட்கள் மேல் முதலாளிக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டு எழுதுவது என் வேலை என்று சொன்னேன். நம்பிக்கைக்குக்கூட ஃபாரம் போட்டுட்டாங்களா என்று கேட்டீர்கள். என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தீர்கள். மெக்கானிக்கல் என்றேன்.

"இன்ஜினியரு அடுத்தவன் வேலைய எண்றாரு. அந்தக் கணக்குல உன்னையும் சேத்துக்கினியா?"

பெட்டிகளுக்குப் பின் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கடுப்பாகிவிட்டது. என்னுடையது ஒப்பந்த வேலை, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப்பிப்பார்கள். அதை எழுத எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

உங்களுக்குத் தெரிந்த பொருளாதாரம் எங்கள் அறிக்கையில் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. சரக்கு போடுகிறவனுக்குத்தான் பெட்டி வேணும், என் குடோனைப் பாரு, ஊரு எப்படி இருக்குன்னு தெரியும் என்பீர்கள். சோப்புக் கம்பெனி மெலிந்ததும், மருந்துக் கம்பெனி ஷிப்ட் கூட்டியதும் எங்கள் வரைபடத்தில் வருவதற்கு முன்னாலேயே உங்கள் பெட்டி அடுக்கில் தெரிந்துவிடும். இவ்வளவு தெரிந்த மனிதர் ஏழாவது கேள்விக்கு மட்டும் எப்போதும் ஒரே பதிலைச் சொன்னீர்கள்.

ஏழாவது கேள்வி: அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் கூடத்தில் ஆள் எண்ணிக்கை கூடுமா, அப்படியே இருக்குமா, குறையுமா?

"கூடும்னு போடு."

நான் முதலில் வந்தபோது பதினாலு பேர். பிறகு பதினொன்று. பிறகு எட்டு. ஒவ்வொரு தடவையும் கூடும். போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, மூணு பேரு குறைஞ்சிருக்காங்களே என்று ஒருமுறை சண்டையே போட்டேன். எழுது முசியே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். ஆயுதபூஜைக்கு எட்டு ஆளுக்குப் பதினாலு பொட்டலம் பொரி கட்டி வைத்திருந்தீர்கள். போனவங்க சாயங்காலம் வந்து வாங்கிப்பாங்க என்றீர்கள். வந்து வாங்கிக்கொண்டும் போனார்கள். அது எனக்கு வெட்டி வீம்பாகத் தெரிந்தது.

நான் செய்தது என்ன என்று இப்போது தெரிகிறது. கேள்விகளைச் சத்தமாகப் படிப்பேன். பின் அடிக்கிற மெஷின் உங்கள் மேசைக்கு மூன்றடி தூரத்தில். செல்வி அக்கா பின் அடிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வாயைப் பார்ப்பார். ஆள் குறையுமா என்று அந்த ஆளை வைத்துக்கொண்டே முதலாளியிடம் கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான்? எங்கள் பயிற்சியில் மாதிரி எடுப்பது எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே நின்று கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி நீங்களே போன் செய்தீர்கள். நான் வில்லியனூர் பாதையில் வண்டியில் இருந்தேன். அன்றைக்கு இன்னும் ஆறு கூடம் பாக்கி.

"முசியே, அந்த ஃபாரம் விஷயமா..."

"வழக்கம்போலத்தானே அண்ணே? கூடும்னு போட்டுட்றேன். சீல் மட்டும் அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்."

"இல்ல தம்பி, இந்த வாட்டி..."

நேரமாகிறது என்று வைத்துவிட்டேன். நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுகூட கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அப்போதும் திருப்பிக் கூப்பிடவில்லை. அன்று ராத்திரி படிவத்தில் டிக் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து செல்வி அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வீட்டுக்குப் போகக் கனகசெட்டிக்குளம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மருந்துக் கம்பெனியில் பேக்கிங்குக்குக் கூப்பிடுகிறார்களாம், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அண்ணன் இந்தத் தடவை என்ன போட்டாரு என்று கேட்டார். ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. சொன்னேன். அதுவும் நீங்கள் சொல்லாத பதிலை.

"கூடும்னுதான் போட்டிருக்காருக்கா."

நேற்று சீல் வாங்க வந்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. எதிர் டீக்கடைப் பெஞ்சில் செல்வி அக்கா, பாக்கிச் சம்பளத்துக்காக உங்கள் மச்சினரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை உங்களுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது, காரியம் பதினாறாம் நாள் என்றார். கூடத்தை நடத்த ஆள் இல்லை, மெஷினைக் கொடுத்துவிடப் போகிறார்களாம். பெரிய ஆர்டர் ஒன்று ஜூன் கடைசியிலேயே நின்றுபோனதை நீங்கள் ஆட்களிடம் சொல்லவில்லையாம். லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

"அன்னிக்கு உங்களுக்குத்தான் போன் போட்டாரு. உள்ள பேசல, வெளிய போய் கேட்டாண்ட நின்னுக்கினு பேசினாரு. சட்டுனு திரும்பி வந்துட்டாரு."

யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்துப் போய் நின்றிருக்கிறீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உண்மையான பதிலைச் சொல்ல.

மருந்துக் கம்பெனி என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். "வேற ஆள் எடுத்துட்டாங்க. நீங்க கூடும்னு சொன்னீங்களேன்னு நான்தான் வேணாம்னுட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டீ சொல்லட்டுமா தம்பி என்றார் அடுத்தபடியாக. குடித்தேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

இப்போது பதினொன்று இருபது. உங்கள் படிவத்தை இப்படியே ஏற்றினால், இறந்துபோன மனிதர் அடுத்த மூன்று மாதத்தில் ஆள் எடுக்கப் போகிறார் என்று எங்கள் அறிக்கை சொல்லும். யாருக்கும் தெரியாது. நாற்பத்து மூன்றில் ஒன்று, கோடு நகரக்கூட நகராது. திருத்தினால், கேட்காமல் பதில் போட்டவன் என்று அடுத்த சுற்றுக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். அந்தக் கணக்குல உன்னையும் சேத்துக்கினியா என்று கேட்டீர்களே. சேர்த்துவிட்டேன் அண்ணே. குறையும் பக்கத்தில்.

செய்யப்போவது:

1. உங்கள் படிவத்தில் "கூடும்" என்பதை அடித்துவிட்டு, "பதில் பெறப்படவில்லை. முன்பிருந்த டிக் நான் போட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.

2. மேலாளரிடம் நாலு மணிக்கு முன்னால் நானே போய்ச் சொல்வது. இதே மாதிரி போனில் முடித்த இன்னும் ஐந்து படிவங்களையும் எடுத்துக் கொடுப்பது.

3. என் வேலை மிஞ்சினால், அந்த ஐந்து முதலாளிகளையும் நேரில் பார்ப்பது. ஏழாவது கேள்வியை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்க் கேட்பது.

4. கனகசெட்டிக்குளம் போய், கூடும் என்று சொன்னது அண்ணன் இல்லை, நான் என்று செல்வி அக்காவிடம் சொல்வது. டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்காமல் சொல்வது.

5. யாராவது "இல்ல தம்பி" என்று ஆரம்பித்தால், வண்டியை ஓரம் கட்டுவது.